பானட் தாங்கு படலம்

காரின் பானட்டைத் திறந்தபின் அது மீண்டும் விழாதபடி நிறுத்திவைக்கும் உறுப்பு தாங்கி எனப்படும். தாங்கி இருவகைத்து: கோல், வாயுத்தண்டு. கோலாவது, ஒரு முனை காரின் உடலில் மாட்டியிருக்க, மறுமுனையை மனிதர் கையால் தூக்கிப் பானட்டின் துளையில் செருகும் இரும்புக் கம்பி. வாயுத்தண்டாவது, உருளைக்குள் அடைபட்ட நைட்ரஜனின் அழுத்தத்தால் தானே நீண்டு பானட்டை உயர்த்துவது. கோலுக்கு மூப்பில்லை. அதைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைதல் ஒன்றே அதற்கு வரும் கேடு. அதையும் கட்டுக்கம்பி ஒரு சுற்றில் தீர்த்துவிடும். வாயுத்தண்டோ தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள்முதல் மூத்துக்கொண்டே இருக்கிறது. எனவே இப்படலம் முழுவதும் அதைப் பற்றியதே.

இருவகைத் தாங்கியும் ஒரே காரில் உடனுறைவதுண்டு. மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 போன்றவற்றில் முன்னே கோல், பின்னே டிக்கிக்கு வாயுத்தண்டு இரண்டு. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் இதுவே நிலை. முன்னும் பின்னும் வாயுத்தண்டு உடையவை விலையுயர்ந்த குலத்தவை. சிங்கப்பெருமாள் கோவில் அருகே 2007இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்ட ஈ90 தலைமுறை 3 சீரிஸ் அத்தகையது. அக்கார்கள் இன்று மூன்றாம், நான்காம் கைக்கு வந்து, புதிய சிறு காரின் விலைக்கோ அதற்கும் கீழோ கிடைக்கின்றன. காரின் விலை இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை உடன் இறங்குவதில்லை. மலிவான மாற்றுத் தண்டு தேடும் கலை தோன்றிய இடம் இந்த இடைவெளியே என்க.

கோலே போதும், வாயுத்தண்டு ஆடம்பரம் என்பார் ஒரு சாரார். ஒரு கையால் பானட்டைத் தாங்கியபடி மறுகையால் கோலைத் தேடுங்கால், இன்ஜின் சூட்டில் காய்ந்த கோல் விரலைச் சுடும் என்பது வாயுத்தண்டுக்காரர் மறுப்பு. சுட்டாலும் கோல் கைவிடாது, வாயுத்தண்டோ கடன் தவணை முடிந்த சூட்டோடு கைவிடும் என்பது எதிர்மறுப்பு. இரு தரப்பும் தத்தம் காரை விற்கும்வரை இவ்வாதம் ஓயாது.

இனி, தண்டு இயங்குமாறு. எஃகு உருளைக்குள் நைட்ரஜனும் சிறிது எண்ணெயும் இருக்கும். சாதாரணக் காற்று கூடாதோ எனின், கூடாது. அழுத்தப்பட்ட காற்றின் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்ற வாய்ப்புண்டு. ஈரம் துருவைத் தரும். உருளைக்குள் போய்வரும் மெல்லிய தண்டின் முனையிலுள்ள பிஸ்டனில் துளை இருப்பதால் வாயு அதன் இருபுறமும் நிறைந்திருக்கும். இருபுற அழுத்தமும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிட, மிஞ்சுவது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பின்மேல் விழும் தள்ளல் மட்டுமே. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். அது 400 நியூட்டன் விசையோடு தள்ள வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 80 பார் அழுத்தம் வேண்டும். பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கும் காற்றின் கணக்கில் சொன்னால் இது 1,160 பிஎஸ்ஐ. விரலளவு குழாய்க்குள் இத்தனை ஆவேசம் இருப்பதைப் பானட் திறப்போர் பலர் அறியார்.

16 கிலோ மூடிக்கு, ஒவ்வொன்றும் 40 கிலோ தள்ளும் தண்டு இரண்டு எதற்கு என்ற ஐயம் எழும். மூடியின் எடைமையம் கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருக்கிறது; தண்டு தள்ளும் கோடோ கீலிலிருந்து பத்து சென்டிமீட்டர் தொலைவிலேயே செல்கிறது என்று கொள்க. நெம்புகோல் கணக்குப்படி 16 கிலோ அங்கே ஐந்து மடங்காகி 80 கிலோவாகிறது. இரண்டு தண்டுகள் அதைப் பங்கிட, தலைக்கு 40 கிலோ, அதாவது ஏறத்தாழ 390 நியூட்டன். ஐயம் நீங்கும்.

தளர்ச்சியின் காரணம் பெரும்பாலும் தண்டு வெளிவரும் வாயிலுள்ள ரப்பர் சீல். தூசும் துருவும் அதை அராவும். டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் அடிக்கையில் தண்டின்மேல் படிந்த துளிகள் காய்ந்து அதைக் கீறும். ஒரு கேடும் நேராவிடினும் வாயு ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியவே செய்யும். நோய் நான்கு நிலைகளில் முற்றும். முதல் நிலையில் பானட் முழு உயரம் போகக் கை உதவி கேட்கும். இரண்டாம் நிலையில் நண்பகலில் நிற்கும், விடியலில் விழும். இதில் மாயமில்லை, வாயுவின் அழுத்தம் ஒரு டிகிரிக்கு மூன்றில் ஒரு விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்கும். 20 டிகிரியில் 400 நியூட்டன் தள்ளும் தண்டு, 40 டிகிரியில் 427 தள்ளும், 8 டிகிரியில் 384 தான். சென்னையில் தேறிய பானட் ஊட்டியில் தோற்பது இதனாலே. மூன்றாம் நிலையில் யாரும் தும்மாதவரை நிற்கும். நான்காம் நிலையை மெக்கானிக்கின் தலை அறியும்.

நான்காம் நிலைக்கும் புதுத் தண்டு வாங்குவதற்கும் இடையே ஓர் இடைக்காலம் உண்டு. அது சில நாளும் ஆகலாம், சில ஆண்டும் ஆகலாம். அக்காலத்துத் தாங்கிகள் பல. துடைப்பக்கட்டை எளிது, ஆனால் வழுக்கும். தண்டை முழுதும் நீட்டி, வெளியே தெரியும் பகுதியில் உருளையை ஒட்டி வைஸ் கிரிப்பைக் கவ்வவைப்பது பட்டறை வழக்கம். கவ்விய இடத்தில் தண்டு கீறுபடும் என்றாலும் சாகப்போகும் தண்டுக்கு அதில் நட்டமில்லை. நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயைத் தண்டின்மேல் உறையாக மாட்டுவது இதினும் நாகரிகமானது. கீறலுமில்லை, காசும் அதிகமில்லை. மிகப் பரவலானது ஆள்தாங்கி. காரின் உரிமையாளர் ஆயில் அளவு பார்க்க, மகனோ மைத்துனனோ வாட்ச்மேனோ பானட்டைத் தலைக்கு மேல் ஏந்தி நிற்பர். செல்போன் அடித்தால் செயலிழப்பது இவ்வகையின் குறை.

மாற்றுத் தண்டு தேடுவோர் முதலில் தெளிய வேண்டியது ஒன்று: தண்டுக்குத் தான் எந்தக் காரில் இருக்கிறோம் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தவை நான்கு: முழுதும் நீண்டபோது நீளம், உள்ளே போய்வரும் தூரம், தள்ளும் விசை, முனைகளின் அமைப்பு. காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெயருக்கும் சேர்த்து விலை. அளவைச் சொல்லிக் கேட்டால் அளவுக்கு மட்டும் விலை. கார் நிறுவனங்கள் தண்டைப் பொதுவாகத் தாமே செய்வதில்லை. ஜெர்மனியின் கோப்லென்ஸில் 1934இல் தோன்றிய ஸ்டாபிலஸ் போன்றோர் செய்துகொடுக்க, வாங்கித் தம் பெட்டியில் போடுகின்றன. இந்தியாவில் முஞ்சால் ஷோவாவும் இத்தொழிலில் உண்டு. எனவே பழைய உருளையின்மேல் செய்தவர் பெயரைத் துடைத்துப் படித்து, அவர் பெட்டியிலேயே அதே தண்டைத் தேடுவது சிக்கனத்தின் முதற்படி. தரம் மாறாது, விலை மட்டும் இறங்கும்.

அளவுகளை அறியும் வழி மூன்று: காட்சி, கருதல், உரை. காட்சியாவது லேபிளும் டேப்பும். லேபிளில் 0400N என்பது போன்ற எண் இருந்தால் அது நியூட்டன் கணக்கிலான விசை. நீளத்தை இரு முனைக் குமிழ்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். லேபிள் அழிந்திருப்பின் கருதல்: முன் சொன்ன நெம்புகோல் கணக்கைப் பானட்டின் எடைகொண்டு போடுவது. உரையாவது கடைக்காரர் வாக்கு. “இது எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்” என்பது அதன் வழக்கமான வடிவம். தருக்க நூலோர் உரையளவைக்கு மெய்யறிந்தோர் சொல்லையே கொள்வர். கடைக்காரர் அவ்வகையினரா என்பது தண்டை மாட்டிய மறுநாள் தெரியும்.

சென்னையில் இத்தேடலுக்கு இரண்டு தலங்கள். புதிய தண்டுக்கு மவுன்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பிரித்த வண்டியின் தண்டுக்குப் புதுப்பேட்டை. வாயுத்தண்டு என்று கேட்டால் கடைப்பையன் திகைப்பான். பானட் ஷாக், டிக்கி ஷாக் என்று கேட்க வேண்டும். எங்கும் முதற்கேள்வி, “சாம்பிள் கொண்டு வந்தீங்களா?” என்பதே. இக்கேள்வியை அலட்சியமெனக் கொள்ளற்க. காட்சியளவையே தலையாயது என்பதை அத்தெரு ஏட்டின் துணையின்றிக் கண்டுகொண்டதற்கு அது சான்று.

புதுப்பேட்டைத் தண்டு மலிவு. ஆனால் பிரித்த வண்டியின் வயதே அதற்கும் வயது. சோதிக்க ஒரு தராசு போதும். தண்டின் முனை தராசில் படும்படி உருளையைச் செங்குத்தாகப் பிடித்து, தண்டு சற்றே உள்ளே போகுமளவு அழுத்தினால் தராசு காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்க, நியூட்டன் ஏறத்தாழக் கிடைக்கும். 40 கிலோ காட்ட வேண்டியது 25 காட்டினால், விற்பவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்வதே முறை. கையால் எளிதில் அமுங்கும் தண்டுக்குத் தராசும் வேண்டியதில்லை.

இந்த இனத்துக்கு ஏழை உறவினரும் உண்டு. மாடுலர் கிச்சன் அலமாரிக் கதவுகளைத் தூக்குவதும், ஸ்டோரேஜ் கட்டிலின் பலகையை எழுப்புவதும் வாயுத்தண்டுகளே. ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்கு அலமாரித் தண்டு கிடைக்கும் என்பதால் அதைக் காருக்குப் பூட்டும் ஆசை பலரைப் பிடிக்கிறது. அலமாரித் தண்டின் விசை பெரும்பாலும் 100 நியூட்டனை ஒட்டியது. பானட்டின் கீழ் அது வெறும் அலங்காரம். கட்டில் தண்டோ மிகு வலியது. மூடும்போது பானட்டின் தகட்டையே வளைத்துவிடும். உறவு உண்மையே, கொடுக்கல் வாங்கலுக்கு உதவாது.

வேறு காருக்கான தண்டைக் கொள்வதில் குற்றமில்லை, சில வரம்புகள் மீறப்படாதவரை. நீண்ட நீளம் சில மில்லிமீட்டர் குறையலாம், கூடலாகாது. கூடினால் பானட் கீலை நெரித்துக்கொண்டு மிகத் திறக்கும். நீண்ட நீளத்திலிருந்து ஓடும் தூரத்தைக் கழித்தால் வருவது சுருங்கிய நீளம். அது பழையதைவிடக் கூடினால் பானட் மூடாது. அழுத்தி மூட முயல்வோர் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் டிங்கரிங் பட்டறை. விசை பத்து விழுக்காடு முன்பின் இருக்கலாம். குமிழ் 10 மில்லிமீட்டராயின் அதைக் கவ்வும் குழியும் 10 மில்லிமீட்டராதல் வேண்டும். தண்டின் முனை மரை ஒத்திருந்தால், பழைய தண்டின் குழியைக் கழற்றிப் புதியதில் திருகிக்கொள்ளலாம். இச்சிறு தந்திரம் அறியாமல் நல்ல தண்டுகளைத் திருப்பிக் கொடுத்தவர் பலர்.

மாட்டும் முறை எளிது. பானட்டை மரக்கட்டையாலோ ஆள்தாங்கியாலோ உறுதியாக நிறுத்தியபின், ஒரு பக்கத் தண்டை மட்டும் கழற்ற வேண்டும். குழியின் வெளிப்புறக் கம்பிக் கிளிப்பைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் குமிழ் விடுபடும். கிளிப்பை முற்றும் பிடுங்கினால் அது பறந்து இன்ஜின் அறைக்குள் மறையும், மீளாது. பானட் மூடிய நிலையில் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருப்பது நன்று, அப்போதுதான் எண்ணெய் சீலை நனைத்திருக்கும். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் பாதிக் காசு மிச்சம் பிடித்தவரின் பானட் ஒரு பக்கம் தோளுயர்த்தி நிற்கும். நாளடைவில் அக்கோணல் நிலைத்தும் விடும்.

எஞ்சியது கழற்றிய பழைய தண்டு. பாதி விசையிழந்த தண்டிலும் சுமார் 40 பார் அழுத்தம் மிச்சமிருக்கும். அதை அறுப்பதும் துளையிடுவதும் தீயிலிடுவதும் கூடா. காயலான் கடையில் எடைக்குப் போடுவோர், இது கேஸ் அடைத்த ஷாக், வெறும் இரும்பல்ல என்று கடைக்காரரிடம் சொல்லியே தராசில் வைக்க வேண்டும்.