கயிறு கட்டி நீச்சல்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நம்ம மேலூருக்குத் தெக்க காவேரி, வடக்க கொள்ளிடம். ரெண்டு ஆத்துக்கும் நடுவுல, கொல்லைப்பக்கத்துல, பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வெச்சிருக்கே. மீனுக்கு ட்யூஷன் வெச்ச கதையால்ல இருக்கு?

பன்னெண்டடி விட்டம், ரெண்டரை அடித் தண்ணி. நாலு கை போட்டா எதிர்ச்சுவர் மூக்குல இடிக்குது. அதுக்கும் ஒரு வழி வந்திருக்காம். இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல ரப்பர் கயிறு, கயித்தக் கரையில மாட்டு. கையையும் காலையும் அடிச்சுக்கிட்டே இருப்பே, ஒரு சாண் நகர மாட்டே. செக்குமாடாவது சுத்தி வருமேடா!

நாங்க ஆடிப்பெருக்கன்னைக்கு, மேட்டூர்த் தண்ணி படித்துறையத் தொட்டு ஓடுறப்ப, அம்மா மண்டபத்துக்கு மேக்க இறங்கி எதிர்நீச்சல் போடுவோம். அரைமணி அடிச்சாலும் அதே வேப்பமரத்துக்கு நேராத்தான் கெடப்போம். பெல்ட்டு ஏது, பில்லு ஏது?

சரி, மொறைக்காத. ஆத்துக்குப் போன்னு நான் சொல்லல. மணல் அள்ளுன பள்ளம் எங்க கெடக்குன்னு இன்னைக்கு ஆத்துக்கே தெரியாது. தொட்டி வாங்குனதும் குத்தமில்ல, கயிறு கட்டுறதும் குத்தமில்ல. எங்கப்பன் என்னைத் தோட்டத்துக் கெணத்துல இறக்குனப்ப முதுகுல சொரக்குடுக்கை, இடுப்புல தாம்புக்கயிறு. நான் தண்ணி குடிக்க ஆரம்பிச்சா ஒரு வெட்டு வெட்டி இழுப்பாரு. கயித்தோட அடுத்த முனை அவரு கையில இருந்துச்சு.

உன் கயித்தோட அடுத்த முனை எங்கடா இருக்கு? நேத்துப் பாத்தேனே, தொட்டி ஏணியில முடிஞ்சு வெச்சிருக்கே. அந்த ஏணி சும்மா சாத்தி வெச்சது. கோழி ஏறுனாலே ஆடுது. மாடு கட்டத் தெரிஞ்சவன் ஏணியில கட்டுவானா?

ஏணி வேண்டாம்னா தொட்டிக் காலுல கட்டலாம்னு யோசிக்கிற, தெரியும். அந்தச் சட்டம் என்னத்துக்குச் செஞ்சது? தண்ணி வெளிய தள்ளும், அது வளைச்சுப் புடிச்சுக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நீ பக்கவாட்டுல வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா ஒரு காலு மண்டி போடும். அப்புறம் எட்டு டன் தண்ணி பக்கத்து வாழைக்கொல்லையில. எட்டு டன்னுன்னா தெரியுமா? உடையவர் தோப்புத் தொட்டியில குளிக்குதே நம்ம கோயில் ஆண்டாளு, அது மாதிரி ரெண்டு யானைக்குக் குறையாது. இந்தத் தொட்டியத்தான் மொதல்ல மொட்டைமாடியில வெக்கணும்னு குதிச்சே. மாடித் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோன்னு கணக்குப் போட்டுக் கட்டுறாங்க. உன் தொட்டி அதே சதுர மீட்டருக்கு 750 கிலோ. உங்கப்பத்தா கீழதானடா படுத்திருக்கா?

தனிக் கம்பம் ஊனு. தொட்டிய விட்டு ரெண்டடி தள்ளி, கனமான ஜி.ஐ. குழாய், தலையில கொக்கி. கயிறு விளிம்புல ஒரசாம, உன் காலுல சிக்காம, மேலாக வரணும். ஆனா ஒசரம் கூடக் கூட அடியில நெம்பு கூடும். வாழைக்குச் சவுக்கு முட்டுக் குடுக்குறவன் எவனையும் கேளு. காத்து அடிக்கிறது தலையில, பேந்துக்கிறது தூருல.

அதுலயும் நம்மது ஆத்து மண்ணு. மேல வண்டல், கீழ மணல். மணல்ல அஸ்திவாரம் போடுறது கேலியா? கல்லணையப் பாத்துத்தான் அந்த வித்தையப் புரிஞ்சுக்கிட்டாரு ஆர்தர் காட்டன் தொரை. 1836-ல முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்க அணை போட்டாரு. அதுவே 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி ஒன்பது மதகைப் பறிகுடுத்துச்சு. ஆனாலும் 182 வருசம் நின்னுச்சுல்ல? உன் கம்பம் 182 நாளாவது நிக்க வேண்டாமா?

ஒன்றரை அடிச் சதுரத்துல ரெண்டரை அடி ஆழம் வெட்டு. அடியில ஜல்லி போட்டு இடி. குழாய நிறுத்தி, தூக்குக்குண்டு புடிச்சுப் பாத்து, கான்கிரீட்டுப் போடு. ஏழு நாளு சாக்குப் போத்தித் தண்ணி ஊத்து. காலையில போட்டுட்டு சாயங்காலம் பெல்ட்ட மாட்டிக்கிட்டு ஓடி வராத.

பெல்ட்டுக்குப் பதிலா வெறுங்கயித்துல உருவாஞ்சுருக்குப் போட்டே, தொலைச்சுப்புடுவேன். அது இழுக்க இழுக்க இறுகும். ஒத்தக் கையால பட்டுன்னு கழட்டுற கொக்கிதான் வேணும். ரப்பரை வெயில்லயும் குளோரின்லயும் போட்டு வெச்சா வெடிச்சுப் போகும். வாரம் ஒருக்கா இழுத்துப் பாரு. குளிச்சு முடிச்சதும் ஏணியத் தூக்கி வீட்டுக்குள்ள போடு. உன் தங்கச்சி புள்ள தவழ ஆரம்பிச்சிருச்சு.

குழி வெட்டுறன்னைக்குச் சொல்லு, வாரேன். எட்டாம் நாளு நீ இறங்க வேண்டாம். நம்ம செவலைய அந்தக் கம்பத்துல கட்டி, பத்தடி தள்ளிப் புண்ணாக்குச் சட்டிய வெப்போம். அவ பேத்தெடுக்கலேன்னா, அப்புறம் நீ பெல்ட்ட மாட்டு.