கடவுளின் மின்கட்டணம்

ஆய்வகத்தில் உயிர்களைப் படைக்கும் விஞ்ஞானிக் கடவுளுக்குப் பிரளயத்தை நிகழ்த்தும் அதிகாரமும் உண்டா?

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாஃப் லெம் 1971-இல் வெளியிட்ட, இல்லாத நூல்களுக்கான மதிப்புரைத் தொகுப்பில், கணிதத்தால் மட்டுமே ஆகி, கணினிக்குள் வாழ்ந்து சிந்திக்கும் 'பர்சனாய்டு'களைப் படைத்த பேராசிரியர் டாப், அந்தப் பிரளய நாளை மின்கட்டணம் செலுத்தும் பல்கலைக்கழகத்தின் மேலிடமே குறிக்கும் என ஒப்புக்கொள்கிறார். படைத்தவரை வணங்கும் கடமை தமக்கில்லை என அவற்றுள் ஒன்று வாதிடுவதைக் கேட்டும், நன்றியை எதிர்பார்க்கும் தகுதி தமக்கில்லை என்று கருதி, அவர் தம்மை வெளிப்படுத்தாமலே இருக்கிறார்.

பக்தி கிடைக்கும் கதையே இல்லையா?

அமெரிக்கரான தியடோர் ஸ்டர்ஜனின் 1941-ஆம் ஆண்டுக் கதையில், அதிவேகமாக வாழ்ந்து மடியும் 'நியோடெரிக்' எனும் குறு உயிர்கள் தம்மைப் படைத்த கிடர் என்ற விஞ்ஞானியை வணங்குகின்றன. ஆனால் அவர் வாழும் தீவைக் காக்கும் கவசம் வரை, வரம் கேட்பவர் கடவுள், அருள்பவர்கள் பக்தர்கள்.