கரண்ட் வைத்த கதை

1974. பெரியம்மா மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கடைசியில் கரண்ட் வைக்கக் கூட்டிப்போனார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். பெரியம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துணைக்குப் போன நான் கதவிடுக்கில் பார்த்தேன். மயக்க ஊசி கிடையாது. பல்லுக்கிடையில் துணிச்சுருள், கைகாலை அமுக்க நாலு பேர். உடம்பு வில்லாய் வளைந்தது. 1938-இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கிவைத்த வைத்தியம். அந்த வலிப்பில் எலும்பு முறியாதிருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. கரண்ட் ரயிலேறி வந்தது. மருந்து மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தது போலும். அந்த மருந்தும் மயக்கமும் இல்லாமல் ஷாக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 2017-இல்.

பெரியம்மா தேறினாள், அதையும் சொல்ல வேண்டும். ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முதுகுவலி மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது. அந்த வருஷம் நடந்த அக்கா கல்யாணம் அவள் நினைவில் தங்கவே இல்லை. ஆல்பத்தைப் புரட்டி, "நானும் இருந்தேனாடா?" என்பாள்.

இப்போது அதே அக்காவின் பேரன். சாஃப்ட்வேர் வேலை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டு, மூளைக்கு மெல்லிய கரண்ட் பாய்ச்சும் ஹெட்செட்டை ஆன்லைனில் வாங்கி நெற்றியில் மாட்டிக்கொண்டான். "வெறும் 2 மில்லியாம்பியர், தாத்தா." உண்மைதான், பெரியம்மாவுக்குப் பாய்ந்ததில் பல நூறில் ஒரு பங்கு. ஒரு வேளை போதாதென்று மூன்று வேளை போட்டுக்கொண்டான். காய்ந்துபோன ஸ்பாஞ்ச், விபூதி இடும் இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுட்டுவைத்தது. எனக்கென்னவோ அந்தக் கொப்புளத்தைவிட நிறுத்திய மாத்திரைதான் பயம் தந்தது.

டாக்டரிடம் இழுத்துப்போனேன். காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை இருக்கிறது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வலிப்பு வரலாம் என்றார். பிறகு கேட்கத் தொடங்கினார். முன்பு வலிப்பு வந்ததுண்டா? தலையில் உலோகம்? பேஸ்மேக்கர்? குடிப்பழக்கம்? தூக்கமே வேண்டாத அளவுக்கு உற்சாகம் பொங்கியதுண்டா? குடும்பத்தில் யாருக்காவது? பெரியம்மாவைச் சொன்னேன். கையெழுத்தை அவனே போட்டான்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அலுத்துக்கொண்டான்: "எத்தனை கேள்வி, தாத்தா! ஹெட்செட் வாங்கினப்போ பின்கோடு மட்டும்தான் கேட்டாங்க."