எரிமலை எங்கேய்யா?

ஐஸ்லாந்தை ஒரே சாலையில் முழுதாகச் சுற்றி வந்துவிடலாமாம். நீளம் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரும் கொஞ்சமும். என் மகள் சாப்பாட்டு நேரமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் எரிமலை, கறுப்பு மணல் கடற்கரை, ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரொட்டி சுடும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். நான் டிக்கெட் விலையைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தேசபக்தி பொங்கியது.

“எரிமலை நாடு பார்க்க விசா எதுக்கும்மா? சனத்நகர்லேர்ந்து எர்ரகட்டா போய் பம்பாய் ரோட்டுல திரும்பினா போதும்.”

பொய்யில்லை. தக்காண எரிமலைப் பாறை பரவிக் கிடப்பது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஐஸ்லாந்து முழுக்கச் சேர்த்தாலே 1 லட்சத்துச் சொச்சம்தான். ஒரு டேங்க் டீசலுக்கு ஐந்து ஐஸ்லாந்து தருகிறேன் என்றேன். “அதுல ஒண்ணாவது உருப்படியா இருக்குமா?” என்று மட்டும் மனைவி கேட்டாள்.

எங்கள் சனத்நகருக்கு இந்தப் பெருமையில் பங்கில்லை. ஹைதராபாத் உட்கார்ந்திருப்பது கருங்கல் பாறைமேல்; வயது 250 கோடி ஆண்டு. எரிமலைக் குழம்பெல்லாம் அதற்கு நேற்றைய சமாச்சாரம். எங்கள் பக்கத்தில் புகை வந்தால் அது தொழிற்பேட்டைப் புகை. சங்காரெட்டி தாண்டி மேற்கே போகப் போகத்தான் மண் கறுக்கும்.

முன் சீட்டில் அம்மா. மடியில் புளியோதரை. கோவில்பட்டிக்காரி. கறுப்பு மண்ணைக் கண்டதும் ஜன்னலை இறக்கி, “நம்ம கரிசல்!” என்றாள். மகள் விடவில்லை. இந்த மண் எரிமலைப் பாறை மக்கியது, கோவில்பட்டிக் கரிசல் வேறு பாறையிலிருந்து வந்தது என்று பாடப்புத்தக ஆதாரத்தோடு விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பருத்தி விளையுதுல்ல? அப்ப கரிசல்தான்” என்று வழக்கை முடித்தாள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஐஸ்லாந்துக் கடற்கரை மாதிரி போட்டோ எடுக்க மகள் வயலில் இறங்கினாள். பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு ஷூவும் ஒரு படி மண்ணைச் சுமந்தது. அடுத்த எட்டில் கால் வந்தது, ஷூ வரவில்லை. மீட்கப் போன நானும் அப்படியே நின்றேன். அம்மா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு வந்து ஷூவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மண்ணியல் பற்றி அதன்பிறகு யாரும் அவளிடம் வாதாடவில்லை.

ஆனால் அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். “எரிமலை எங்கேய்யா?”

இங்கேதான் என் சுற்றுலா சறுக்கியது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கூம்பாக ஒரு மலை நின்று நெருப்பைக் கக்கவில்லை. பூமி நீள நீளமாகக் கிழிந்து, அந்த வெடிப்புகள் வழியே குழம்பு வழிந்து, தோசைமேல் தோசை ஊற்றியதுபோல அடுக்கடுக்காகப் பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அந்த அடுக்கு 2 கிலோமீட்டருக்கும் மேல். எல்லாவற்றையும் சொன்னேன்.

“தோசை சரி. ஊத்தின கல்லு எங்க?”

பீதர் கோட்டையைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தேன். அது சிவப்பாக இருந்தது. கறுப்புப் பாறை யுகயுகமாக மழையில் ஊறி வெந்தால் இப்படித்தான் செம்பாறையாகும் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை.

லோணாரில் காப்பாற்றப்பட்டேன் என்று நினைத்தேன். புல்டாணா மாவட்டத்தில், சமவெளி நடுவே திடீரென்று வட்டமாக ஒரு பள்ளம், குறுக்களவு 1.8 கிலோமீட்டர்; அடியில் உப்பும் காரமுமாக ஒரு ஏரி. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எரிமலை வாய்தான். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மகளால் அது பொறுக்கவில்லை. “பாட்டி, இது எரிமலை இல்ல. விண்கல் விழுந்த பள்ளம்.” பழைய காலத்தில் எரிமலை என்றுதான் நினைத்தார்களாம்; 1970களில் துளைபோட்டு ஆராய்ந்து கெடுத்துவிட்டார்கள். ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் எரிமலை நாட்டில் எரிமலைபோல் இருக்கும் ஒரே இடமும் எரிமலை இல்லை. லவணாசுரனைப் பெருமாள் அழித்த இடம் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்ன கதைதான் அம்மாவுக்குத் திருப்தி தந்தது. மகளுக்கு வேறு குறை: ஏரி இளஞ்சிவப்பாக இல்லை. 2020 ஜூனில் உப்புநீர் நுண்ணுயிர்களால் அப்படி மாறியிருந்தது. ஊரடங்கில் எவனும் வர முடியாதபோது அழகு காட்டும் ஏரியை என்னவென்று சொல்வது!

எல்லோராவில் நான் வாயே திறக்கவில்லை. கயிலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டு, ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். எரிமலைப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, ஒட்டுவேலையில்லாமல் ஒரே கல்லில் ஒரு முழுக் கோயில். அம்மா அண்ணாந்து பார்த்தாள், சுற்றி வந்தாள். “காஞ்சிபுரத்துல பாத்தாப்ல இருக்கு” என்றாள். இதற்கு மகளிடமும் மறுப்பில்லை. காஞ்சி கயிலாசநாதரின் சாயல் பட்டடக்கல்லுக்கும், அங்கிருந்து இங்கேயும் வந்தது என்று கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வதுதான்.

பிறகு அம்மா காவலாளியிடம் போய்ச் சுத்தமான கோவில்பட்டித் தமிழில் கேட்டாள்: “ஏய்யா, இம்புட்டுக் கல்லையும் வெட்டி எங்க கொட்டுனாங்க? எங்க தெருவுல ஒருத்தன் பாத்ரூம் இடிச்ச கல்லையே இன்னும் அள்ளல.”

மராத்திக்காரரான அவர், வயதான பெண்மணி அவசரமாக எதைக் கேட்பார் என்று தாமே ஊகித்து, கழிப்பறை இருக்கும் திசையை மரியாதையோடு கைகாட்டினார். அம்மா நடந்து போய் நாலா பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒரு துண்டு இல்லாம அள்ளிட்டாங்கய்யா.”