துணைவிளக்கு நிர்ணயம்

கிருகஸ்தன் ஒருவன் தன் வீட்டில் சேர்த்து வைக்கும் பொருள்களை நாள்தோறும் பயன்படுவன, நல்ல நாளில் மட்டும் பயன்படுவன, என்றைக்குமே பயன்படாதன என்று மூன்றாகப் பிரிப்பது உலக வழக்கு. இந்த மூன்றிலும் அடங்காத பொருள் ஒன்று உண்டு. அது இரண்டு வருஷ காலம் அலமாரியின் மூலையில் ஒருவராலும் தொடப்படாமல் கிடந்துவிட்டு, கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில், மழையும் காற்றும் சேர்ந்தடிக்க, தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் ஒரு வெடிச்சத்தத்தோடு ஓய்ந்துபோன மறு நிமிஷத்தில், முதல் அழுத்தலுக்கே எரிந்தாக வேண்டும். இத்தகைய பொருளுக்குத் துணைவிளக்கு என்று பெயரிட்டு, அதை அதிகச் செலவில்லாமல் தேர்ந்தெடுக்கும் முறையைச் சாஸ்திரோக்தமாக விசாரிப்பதே இங்கே நம் நோக்கம். சங்கீதத்துக்கும் நாட்டியத்துக்கும் லக்ஷண நூல்கள் பெருகிக் கிடக்க, டார்ச் லைட்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லாமற்போனதற்கு, வித்வான்கள் எல்லோரும் பகலிலேயே எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போனது காரணமாக இருக்கலாம்.

முதலில் லக்ஷணம். ‘ஒளி தருவது துணைவிளக்கு’ என்று சொன்னால் அது சூரியனையும் மின்மினியையும் சேர்த்துக்கொண்டு அதிவ்யாப்தி என்னும் தோஷத்துக்கு ஆளாகிறது. ‘மின்சாரம் போனபோது ஒளி தருவது’ என்று குறுக்கினாலும் பக்கத்து வீட்டு இன்வர்ட்டர் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆகவே, ‘மறக்கப்பட்ட பின்பும் ஒளி தருவது’ என்பதே குற்றமற்ற லக்ஷணம். இதை ஒப்புக்கொண்டவர்களுக்கு மேலே வரும் முடிபுகள் எல்லாம் தாமே சித்திக்கும். ஒப்புக்கொள்ளாதவர்கள் ஒரு புயல் வரைக்கும் காத்திருக்கலாம்.

இனிப் பூர்வபக்ஷம். கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பவர் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். கைப்பேசி ஒரு நாளும் மறக்கப்படுவதில்லை, உறக்கத்திலும் கையை விட்டு அகலுவதில்லை. ஆதலால் நம் லக்ஷணத்துக்குள் அது வரவே முடியாது. இது தர்க்கரீதியான பதில். அனுபவரீதியான பதில் வேறு: 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிப் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோதும், கைப்பேசியில் மிஞ்சியிருந்த கொஞ்ச நஞ்ச சக்தி மகளுக்கும் மருமகனுக்கும் ‘நன்றாக இருக்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு வேண்டியிருந்தது; அதைக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தேடுவதில் செலவழிப்பவரை விவேகி என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது பூர்வபக்ஷி, சுவரில் செருகிச் சார்ஜ் போடும் விளக்கைக் கையில் ஏந்தி வருகிறார். இவருடைய வாதத்தில் நியாய சாஸ்திரக்காரர்கள் அன்யோன்யாச்ரயம் என்று கண்டித்த குற்றம் மலிந்து கிடக்கிறது. மின்சாரம் இல்லாதபோது விளக்கு வேண்டும். விளக்கு எரிய மின்சாரம் வேண்டும். ஒரு மணி நேரத்து மின்வெட்டுக்கு இது போதும். டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் கஜாவுக்குப் பிறகு நேர்ந்ததுபோல வாரக்கணக்கில் மின்சாரம் வராதிருந்தால் முதல் இரவோடு அதன் கதை முடிந்தது. மேலும், மலிவு விலை விளக்குகள் பலவற்றுள் அடைத்திருப்பது சின்னஞ்சிறிய ஈய-அமில பேட்டரி. அது வெறுமையாகக் கிடக்கக் கிடக்க, ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் ஏற்காத பிடிவாத நிலையை அடைந்துவிடும். மறதியையே குணமாகக் கொண்ட குடும்பங்களில் அது பிழைக்காது. மெழுகுவர்த்திக்காரரின் கட்சி, காற்றடிக்கும் இரவில் ஜன்னல் ஒன்று திறந்திருந்தால் தானே அணைந்துவிடும். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆகச் சித்தாந்தம், பேட்டரிக் கட்டை போட்டு எரியும் விளக்கே. இந்தக் கட்டையின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லாமல் மேலே செல்வது மரியாதையாகாது. 1866-இல் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே, துத்தநாகத்தையும் கரியையும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடையும் நவச்சார நீரில் சேர்த்து ஒரு மின்கலத்தைச் செய்தார். அது கண்ணாடி ஜாடியில் தளும்பும் பண்டமாகையால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் நடக்க எவருக்கும் துணிவு பிறக்கவில்லை. ஜெர்மானியரான கார்ல் காஸ்னர், பாரிஸ் சாந்தைக் கலந்து அந்த நீரைக் கெட்டிப்படுத்தி, துத்தநாகத்தையே பாத்திரமாக்கி, 1887-இல் அமெரிக்கப் பேடண்டு பெற்றார். அப்புறம் டேவிட் மிசெல் என்பவர் மூன்று கட்டைகளைக் காகிதக் குழாய் ஒன்றில் வரிசையாக அடுக்கி, நுனியில் பல்பும் பித்தளைப் பிரதிபலிப்பானும் பொருத்தியதற்கு 1899 ஜனவரி 10-ஆம் தேதி பேடண்டு கிடைத்தது. அதை விற்பனைக்குக் கொண்டுவந்த கான்ராட் ஹ்யூபர்ட், நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சிலவற்றைச் சும்மா கொடுத்துப் பேர் வாங்கிக்கொண்டார் என்பது சரித்திரம். இந்த வரலாற்றில் நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே: காஸ்னர் காலம் முதல் சாதாரணக் கட்டையில் பாத்திரமும் ஆகாரமும் ஒன்றாகவே இருக்கின்றன. துத்தநாகக் கூடு தேயத் தேயத்தான் மின்சாரம் பிறக்கிறது. தேய்ந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது கசிகிறது. மறக்கப்பட்ட டார்ச்சைத் திறந்ததும் துருவும் பிசுக்குமாய் நம்மை வரவேற்பது இதனாலேதான்.

நம் கிராமங்களில் ஒரு காலத்தில் கட்டைகளின் எண்ணிக்கைக்கும் மனிதனின் அந்தஸ்துக்கும் நேர்விகித சம்பந்தம் இருந்தது. இரண்டு கட்டை விளக்கோடு வருகிறவர் வாத்தியார். மூன்று கட்டைக்காரர் நிலபுலம் உள்ளவர். ஐந்து கட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வரப்பில் வருபவரைப் பார்த்தால் பாம்பு மாத்திரமல்ல, கடன்காரனும் ஒதுங்கிப் போவான். பூனைப் படம் போட்ட எவரெடியும் நெல்லூரிலிருந்து வந்த நிப்போவும் அவருடைய விளக்கின் வயிற்றை நிரப்பின. தோராயமாக 34 மில்லிமீட்டர் குறுக்களவும் 61 மில்லிமீட்டர் நீளமும் உடைய அந்தப் பெரிய கட்டை இன்றும் கிராமத்துப் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் பட்டணத்து அடுக்ககத்தில், குளியலறை காஸ் கீசரின் அடிவயிற்றைத் தவிர வேறெங்கும் அதைக் காண முடியாது. தேச கால வர்த்தமானங்களை அனுசரித்தே சாஸ்திரம் செல்ல வேண்டும் என்பதால், இனிப் பேசப்போவது பட்டணத்து வீட்டைப் பற்றி என்று கொள்க.

அத்தகைய வீட்டில் நள்ளிரவில், கடைகள் அடைத்த பிறகு, எந்தக் கட்டை கிடைக்கும்? சுவர்க்கடிகாரத்தில் பென்சில் கட்டை ஒன்று. டெலிவிஷன் ரிமோட்டில் மெல்லிய பென்சில் கட்டை இரண்டு. குளிர்சாதன யந்திரத்தின் ரிமோட்டில் அதே இனம் இன்னும் இரண்டு. மின்சாரம் போனதும் இந்த இரண்டு ரிமோட்டுகளும் வேலை நீங்கிய உத்தியோகஸ்தர்களைப் போல அதிகாரமிழந்து கிடக்கின்றன. அவற்றின் கட்டைகளை அபகரித்தால் தாத்தா கூட ஆட்சேபிக்கமாட்டார். கடிகாரத்தின் நிலைமையோ வேறு. அதைத் தொட்டால் வீட்டில் காலமே நின்றுவிடுகிறது. இருட்டில் மணி பார்க்க முடியாவிட்டாலும், அது ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்திலேயே ஆறுதல் காணும் பாட்டிமார் உண்டு.

இதைக் கேட்டுவிட்டு, மெல்லிய கட்டை மூன்று போடும் விளக்குதான் உத்தமம், கடைகளில் அதுதானே மலிவு என்று அவசரப்படுவோருக்கு ஒரு கணிதத்தை நினைவூட்டுகிறோம். வெண்ணிற எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரு கட்டை தருவதோ 1.5 வோல்ட். ஒற்றைக் கட்டையில் எரிக்க வேண்டுமானால் அழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். அதற்குக் காசு ஆகும். மூன்றை அடுக்கி 4.5 வோல்ட் ஆக்கி, மிகுதியை ஒரு ரெஸிஸ்டரில் சூடாக்கித் தொலைப்பது உற்பத்தியாளருக்குச் சிக்கனமான வழி. விலை குறைந்த விளக்குகள் மூன்று என்னும் எண்ணை வழிபடுவதன் ரகசியம் இதுவே. ஆனால் உலகத்து ரிமோட்டுகள் இரண்டிரண்டாகவே உண்கின்றன. ஆகவே மூன்று கட்டை விளக்கு வைத்திருக்கும் குடும்பஸ்தன் இரண்டு ரிமோட்டுகளையும் பாழாக்கி, நாலாவது கட்டையை அநாதையாக மேஜைமேல் உருளவிட்டு, மின்சாரம் திரும்பிய பின் எது எதனுடையது என்று தெரியாமல் பழையதையும் புதியதையும் கலந்து போடுகிறான். கலந்து போட்டால் வலுவுள்ள கட்டை வலுவற்றதை அதன் சக்திக்கு மீறி உந்த, பின்னது கசிந்து இரண்டையும் கெடுக்கிறது. இதைப் பார்த்தவர்கள் மூன்றை நாடமாட்டார்கள்.

கொள்ளளவை நோக்கினாலும் தீர்ப்பு மெல்லிய கட்டைக்கு எதிரே. மென்மையாக உபயோகித்தால் நல்ல அல்கலைன் பென்சில் கட்டை சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி தரும். மெல்லியது அதில் பாதி தந்தாலே பெரிது. ஆதலால் பென்சில் கட்டை இரண்டு போடுவதே துணைவிளக்குகளுள் உத்தமம் என்றும், சுற்று உள்ள ஒற்றைப் பென்சில் விளக்கு கொஞ்சம் விலை கூடினாலும் அதற்குச் சமானம் என்றும் நிர்ணயிக்கிறோம். விளக்கில் சோர்ந்துபோன கட்டையைக் கடிகாரத்துக்குக் கொடுத்தால், அதற்கு வேண்டிய மின்சாரம் அணுப்பிரமாணமாகையால், இன்னும் பல மாதம் ஓடும். உத்தியோகத்திலிருந்து ஓய்ந்தவருக்கு உகந்த வேலை.

இங்கே வெயிலில் வைத்தல் என்னும் சம்பிரதாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்ந்த கட்டைகளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காயவைத்து, மாலையில் எடுத்துப் போட்டதும் விளக்கு எரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அது மூடநம்பிக்கையன்று, உஷ்ணத்தினால் உள்ளே ரசாயன மாற்றம் துரிதப்பட்டு, மிச்சமிருந்த சக்தி சிறிது நேரம் தலைகாட்டும். ஆனால் புதுச் சக்தி ஒன்றும் ஊறுவதில்லை. அல்கலைன் கட்டையை அப்படிச் சுட்டால் அது கசியத்தான் செய்யும். அதற்குள் இருப்பது பொட்டாஷ் காரம்; வெளிவந்து காற்றுப்பட்டு வெள்ளையாகப் பூக்கும். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்தால் போகும். கையில் படாமல் துடைப்பது நல்லது. இந்தத் தொல்லையைத் தவிர்க்க, கட்டைகளை விளக்குக்குள் போடாமல், அட்டையைப் பிரிக்காமலே விளக்கோடு ஒரு ரப்பர் வளையத்தால் பிணைத்து வைப்பதுதான் சிஷ்டாசாரம்.

ஸ்விட்சை அலட்சியம் செய்பவர்கள் பலர். மிருதுவாக அழுத்தினால் எரியும் மின்னணுப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு சில்லு எப்போதும் விழித்துக்கொண்டு துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். ‘டக்’ என்று ஓசையிடும் பழைய நகர்த்து ஸ்விட்சு இணைப்பையே துண்டித்துவிடுகிறது. கன்னத்தில் தட்டினால் எரியும் விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ஸ்பிரிங்கும் தகடும் சேருமிடத்தில் களிம்பு படிந்திருப்பதால் தட்டும்போது தொடர்பு கிட்டுகிறது. உப்புக்காகிதத்தால் தேய்ப்பது இதற்குப் பரிகாரம். எனினும் தட்டுவதில் உள்ள மனத்திருப்தி தேய்ப்பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரகாசத்தைப் பற்றிய ஆர்ப்பாட்டம் கடைசியில் வைக்கத் தக்கது. அமெரிக்காவில் 2009-இல் கைவிளக்குகளுக்கென ஏற்பட்ட எஃப்.எல்.1 என்னும் அளவுமுறையில், ஒளி எட்டும் தூரம் என்பது பௌர்ணமி நிலவின் அளவுக்கு வெளிச்சம் மங்கிப்போகும் இடம் வரை கணக்கிடப்படுகிறது. எரியும் நேரம் என்பது பிரகாசம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. அட்டையில் அச்சிட்ட இருநூறு மீட்டரைக் கண்டு மயங்குபவர், தம் கூடத்திலிருந்து சமையலறை எத்தனை மீட்டர் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். ஐம்பது முதல் நூறு லூமென் வரை தாராளம். அடிப்பக்கம் தட்டையாக இருந்து, நட்டு வைத்தால் விழாமல் நின்று, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அறை முழுதும் பரவுமானால், அதற்கு மேல் ஒளியைக் கேட்பது லோபம்.

வாங்கும் முறை ஒன்றே பாக்கி. ஐந்நூறு ரூபாய்க்குள் மேற்சொன்ன குணங்கள் யாவும் கிட்டும். கடைக்காரர் தம்முடைய புதுக் கட்டைகளைப் போட்டு எரித்துக் காட்டுவார். புதுக் கட்டையில் எந்த விளக்கும் எரியும், அது பரீக்ஷையாகாது. வீட்டுக் கூடத்துக் கடிகாரத்தில் உள்ள ஒன்றையும், படுக்கையறைக் கடிகாரத்தில் உள்ள ஒன்றையும், அரைகுறை ஆயுளில் இருக்கும்போதே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், அவற்றைக் கொடுத்து எரியச் செய்யச் சொல்ல வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அதில் எரிவதை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்ததும், எவரும் கவனிப்பதற்குள் இரண்டு கடிகாரங்களிலும் நேரத்தைத் திருத்தி வைத்துவிடுவது உசிதம்.