அட்டாக் 7 மணி

தோவாளையில் குமிழும் விளக்கும் வைத்த கைப்பெட்டி எதுவானாலும் அது தராசுதான். விடிவதற்கு முன்பே பிச்சியும் மல்லியும் கேந்தியும் கோழிக்கொண்டையும் எடை பார்த்துக் கேரளத்துக்கு வண்டி ஏறுகிற ஊர் இது. கூரியர் பையன் இறக்கிப்போட்ட என் சின்ன அனலாக் சிந்தசைசரைப் பிரித்துத் திண்ணையில் வைத்ததும் எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டார்: "எத்தன கிலோ வரைக்கும் போடலாம்டே?"

"தராசு இல்ல அண்ணாச்சி. வாசிக்கிற சாமானம்."

"அப்படியா? தட்டு வைக்க மறந்துட்டான்னுல்லா நெனச்சேன்."

அம்மாவின் விசாரணை வேறு வகை. "இதுல எத்தன பாட்டு இருக்கு?"

"பாட்டே கிடையாதும்மா. நாமதான் உண்டாக்கணும்."

"ஒண்ணுமே இல்லாததுக்கா இம்புட்டுத் துட்டு?"

அம்மா இரண்டு கேள்வியில் பிடித்துவிட்ட விஷயத்தைச் சொல்ல, கூட வந்த கையேடு முதல் பத்துப் பக்கங்களைச் செலவழிக்கிறது. மெல்லிசைக் கச்சேரிக்காரர்களின் கீபோர்டுக்குள் யாரோ எங்கோ வாசித்த வயலினும் புல்லாங்குழலும் எண்களாகப் பதிந்து கிடக்கும். பொத்தானை அமுக்கினால் எழுந்து வரும். அனலாக் பெட்டிக்குள் அப்படி யாரும் குடியிருக்கவில்லை. ஆசிலேட்டர் என்கிற சுற்று மின்சாரத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்த ஆட்டம் ஃபில்ட்டருக்குப் போகும். அங்கே மேல் அதிர்வுகளை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சொல்வது கட்ஆஃப் குமிழ். அதைப் பையத் திறந்தால் 'ஊ' என்பது 'ஓ' ஆகி, 'ஆ' என்று வாயைப் பிளக்கும். நம் வாயும் இதே வேலையைத்தான் பார்க்கிறது. தொண்டை ஒன்று, உயிரெழுத்துகளைப் பிரித்துக் கொடுப்பது வாயின் வடிவம். கடைசியாக என்வலப்: விரலை வைத்ததும் ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு வேகமாகத் தணிய வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும், விரலை எடுத்தபின் எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும். அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். இந்த நால்வரும் பிற்பாடு எங்கள் குடும்பத்தில் புகுந்து செய்த கூத்துக்கு வருகிறேன்.

1964-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் சிந்தசைசர் செய்யத் தொடங்கியபோது அது பீரோ அளவில் இருந்தது. 1969-லேயே ஒன்று அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் நேரில் வந்து நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் முதலானோர் அங்கே பதிந்த நாடாக்கள் 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. நம் ஆட்கள் அவசரப்பட மாட்டார்கள். 1970-இல் மினிமூக் வந்து, பீரோ பெட்டியாகச் சுருங்கியது. 1982-இல் பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், ரோலண்ட் பெட்டிகள் மூன்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டுப் போட்டார். சீந்த ஆளில்லை. சிகாகோவில் 1987-இல் புறப்பட்ட 'ஆசிட்' இசை கேட்பதற்கு அச்சு அசல் அதுபோலவே இருந்தது. 2010-இல் சிங்கின் தட்டு மறுபடி வெளியானபோது வெள்ளைக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். பைரவையும் மால்கௌன்ஸையும் வாசித்த மனிதர், தாம் எதற்கும் முன்னோடி என்று தெரியாமலே ஒரு கால் நூற்றாண்டு கல்யாணப் பார்ட்டிகளுக்குப் போய்வந்திருக்கிறார்.

பெட்டியை நிறுவுவது என்றால் மேசை போட்டு வயரைச் செருகுவது என்று நினைப்பீர்கள். சத்தத்தைத் துரத்துவதுதான் பாதி வேலை. ஸ்விட்சைப் போட்டேன், ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை, பாக்ஸில் 'ம்ம்ம்' என்று ஓர் ஆலாபனை. பழைய வீடு, எர்த் சரியில்லை. நம் கரண்டு நொடிக்கு 50 தடவை ஆடுகிறது. காதில் விழுவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100. சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தால் 5 கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஆண் வித்வான்கள் ஒரு கட்டையையும் பெண் வித்வான்கள் ஐந்து கட்டையையும் சுற்றிப் பாடுவது வழக்கம் அல்லவா? மின்சாரம் பெண்கள் கட்சி. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்கட்டமைப்பை வடக்கோடு இணைத்த பிறகு, காஷ்மீரிலிருந்து தோவாளை வரைக்கும் எல்லா வீட்டிலும் ஒரே சுருதி. தேசிய ஒருமைப்பாட்டை இதைவிடச் சுத்தமாக யாரும் பாடிக் காட்டியதில்லை.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து எர்த்தைச் சரிசெய்தான். 'ம்ம்ம்' நின்றது. டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டே, "இப்ப எடை கரெக்டா காட்டுதாண்ணே?" என்றான்.

சுருதி அடுத்த தலைவலி. மூக் வகுத்த கணக்கில் ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். பன்னிரண்டு சுரத்தானங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 83 மில்லிவோல்ட் சொச்சம். இந்தக் கணக்கைப் பார்க்கிற டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம் பிசகும். அற்பத் தொகை என்று விட்டால், ஐந்து டிகிரி கூடியிருக்கும் நேரத்தில் மூன்று ஸ்தாயி தள்ளி வாசிக்கும்போது சுரத்தானத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஈடுகட்டுவதற்கென்றே ஒரு ரெசிஸ்டரை உள்ளே வைப்பார்கள். அதுவும் முடிந்த மட்டும்தான் பார்க்கும். மினிமூகிலேயே சுருதி ஒத்துப் பார்க்க 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. செய்தவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஜன்னலில் புகுந்தால் பெட்டி ஒரு சுருதி, ஜன்னலை அடைத்து வேர்த்தால் வேறொரு சுருதி. பிச்சிப்பூ விலை மாதிரி, நாலு மணிக்கு இருந்தது ஆறு மணிக்கு இல்லை. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டு, சாமானைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பூச்சந்தையில் காலம் தள்ளிய அண்ணாச்சிக்கு மட்டும் வியப்பே இல்லை. "ஏறும், எறங்கும். நீ பாத்து வாங்கிக்கிடணும்" என்றார்.

இனி அட்டாக். இந்தச் சின்னப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு நல்ல ஓசை அமைந்தால், குமிழ்கள் நின்ற நிலையை எழுதி வைத்தால்தான் மறுநாள் கிடைக்கும். குமிழின் கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கடிகார முள்ளாக வைத்துக் குறிப்பது உலகெங்கும் வழக்கம். அடியோடு மூடினால் 7 மணி, நடுவே 12, முழுக்கத் திறந்தால் 5. ஒருநாள் சாமம் தாண்டி, ஆர்மோனியத்துக்கும் சங்குக்கும் பிறந்த பிள்ளையாக ஓர் ஓசை வந்து சேர்ந்தது. கைக்கு அகப்பட்டது அம்மாவின் பூக்கணக்கு நோட்டு. வாழைநார் வாங்கின வரவுசெலவுக்குக் கீழே எழுதினேன்: அட்டாக் 7 மணி. டிகே 10 மணி. சஸ்டெயின் 12 மணி. ரிலீஸ் 3 மணி.

மறுநாள் நான் நாகர்கோவில் போயிருந்த நேரம், நோட்டு மைனி கையில் சிக்கியது. அண்ணனுக்குப் போன் பறந்தது. "அட்டாக் ஏழு மணிக்கு வந்திருக்கு. பத்து மணிக்கு டி.கே.ன்னு ஒரு டாக்டர் பாத்திருக்காரு. பன்னிரண்டு மணிக்கு என்னமோ இங்கிலீஷ்ல பண்ணியிருக்காங்க. மூணு மணிக்கு ரிலீஸ் பண்ணிருவாங்களாம். ஆளு யாருன்னுதான் எழுதல்ல."

ஆள் பெயர் இல்லாதது வசதியாகப் போயிற்று. அவரவர் மனசில் இருந்தவரைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். அண்ணன் எனக்கு என்று நினைத்தான். அம்மா அண்ணனுக்கு என்று நினைத்தாள். நான் திரும்பி வரும்போது வாசலில் ஏழெட்டுச் செருப்புகள். பூதப்பாண்டி அத்தை மடியில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு நிம்மதி, அதன் வாலில் லேசான ஏமாற்றம். பாட்டிலை விட்டுவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று அத்தை யோசிப்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

நான் விளக்கினேன். அட்டாக் என்பது ஒலி எழும் வேகம். டிகே என்பது டாக்டர் இல்லை.

"வந்தது வந்தாச்சு," என்றாள் அத்தை. "அந்த அட்டாக்க ஒருக்கா காட்டு பாப்போம்."

குமிழை 7 மணியில் வைத்துக் கட்டையைத் தொட்டேன். 'டப்' என்று நெஞ்சில் குத்தியது. குமிழை மெல்லத் திருகி 2 மணிக்குக் கொண்டுபோனேன். அதே கட்டை, அதே விரல். இப்போது ஒலி எங்கேயோ தொலைவில் பிறந்து, தயங்கித் தயங்கிக் கூடத்துக்குள் வந்து நிறைந்தது. அத்தை தலையை ஆட்டிக் கேட்டாள். "இது நல்லாருக்கு. ஏழு மணி வேண்டாம், கேட்டியா? மனுஷனுக்கு ஆகாது." பாட்டிலை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பெரியப்பா மாணிக்கமாலை கட்டுகிறவர். சிவப்பரளி, வெள்ளரளி, நொச்சி இலை இவற்றை வரிசை பிசகாமல் மடித்து மடித்துக் கட்டினால், ரத்தினம் பதித்த பட்டையாக விரியும் மாலை அது. 2025-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. கட்டுமானத்துக்கு எழுத்து கிடையாது, எல்லாம் விரலில்தான் இருக்கிறது. அவர் பெட்டியின் சீக்வென்சர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினாறு படி, படிக்கு ஒரு விளக்கு, எரிகிற படியில் சத்தம், அணைந்த படியில் மௌனம்.

"இதுல கண்ணி விடலாமோ?"

"விடலாம் பெரியப்பா."

"அப்ப செவப்பு, வெள்ள, பச்ச. பொறவு செவப்பு, வெள்ள, வெள்ள, பச்ச. பச்சைக்குச் சத்தம் வேண்டாம்."

ஏழு ஏழாக வந்தது. பதினாறில் இரண்டு படிகளை வெட்டி பதினாலு ஆக்கினேன். சிவப்புக்குக் கீழ்ச் சுரம், வெள்ளைக்கு மேல் சுரம். ஓடவிட்டால் மிச்ர சாபு. நான் கையேட்டோடு மல்லுக்கட்டிப் போட்டு வைத்திருந்த தாளங்கள் எல்லாவற்றையும் விட அது தேவலை. பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஓர் இடத்தில் அரளி இடைவெளி விழுகிறது என்றார். பார்த்தேன். விழத்தான் செய்தது.

இந்தப் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். இரண்டு கட்டையை அமுக்கினால் ஒன்றுக்குத்தான் மரியாதை. ஆறு சுரம் ஒன்றாகப் பேசுகிற பெட்டிகளுக்கு ஏன் அத்தனை பேர் ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. நாதஸ்வரம் எத்தனை சுரத்தை ஒன்றாக ஊதுகிறது? கமகத்துக்கு வேண்டியது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக ஒரு வழி. பெட்டியில் அதற்குக் கிளைடு குமிழும், சுருதியை வளைக்க ஒரு சக்கரமும் உண்டு. சக்கரத்தைக் காட்டியதும், "உடுக்கைக் கயிறு" என்றார் பாட்டா.

பாட்டா எங்கள் தெருக்காரர். ஒரு காலத்தில் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். குடத்தின் வாயில் மட்டை, மேனியில் காசு என்று இரண்டு கையும் இரண்டு வேலை பார்க்கும் கலை. உடுக்கையின் நடுக்கயிற்றை அமுக்கினால் தோல் இறுகிச் சுருதி மேலே போகும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, சக்கரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நான் ஸ்விட்சைப் போட்ட கையோடு வாசிக்க ஆரம்பித்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"சூடு காட்டாம அடிக்கலாமாலே?"

கோயில் கொடைகளில் கணியான் கூத்துக்கு மகுடம் அடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன் ஓலையையோ காகிதத்தையோ கொளுத்தித் தோலைக் காட்டுவார்கள், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். நடுச்சாமப் பனியில் தோல் தொய்ந்தால் ஆட்டத்தின் நடுவிலும் காட்டுவார்கள். அனலாக் பெட்டிக்கும் கையேடு இதையேதான் சொல்கிறது: இயக்கிக் கொஞ்ச நேரம் சூடேற விட்டு, அப்புறம் சுருதி சேர்க்கவும். இதைப் பாட்டாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பின்ன என்ன, தீப்பெட்டிய எடு" என்று பழைய பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். பிளாஸ்டிக், உருகிவிடும் என்று கெஞ்சித் தடுத்தேன்.

"சுசீந்திரத்துல தூணத் தட்டிப் பாத்திருக்கியா?" என்றார், பேப்பரைக் கீழே போடாமல். "ஒரே கல்லுல செதுக்குனது. மழையானாலும் வெயிலானாலும் அதே சத்தம். ஒங்க ஆளுக கல்லுல பண்ணியிருக்கலாம்."

சூடேறியபின் ஆசிலேட்டரைக் கடைசி ஸ்தாயிக்கு இறக்கி, கட்ஆஃபை மூடி, ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பாட்டா பேப்பரைக் கீழே வைத்தார். கட்ஆஃபைப் பொடிப்பொடியாகத் திறந்தேன். 'ஊ' மெல்ல வாயைத் திறந்து 'ஓ' என்றது. அம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"மாடன் வாற எடம்," என்றார் பாட்டா.

அதற்குப் பிறகுதான் கொடைக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பியும் கூட வந்திருந்தான். ரிதம் இருக்கா, டிரான்ஸ்போஸ் இருக்கா, பென் டிரைவ் போடலாமா என்று கேட்டு, எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். தன் கீபோர்டில் உடுக்கை, மகுடம் உட்பட அறுநூறு ஓசை இருப்பதாகச் சொன்னான். கமிட்டித் தலைவர் அவனைக் கையமர்த்தினார்.

"சுடலைமாடன் கதை படிக்கும்போது மாடன் வாற எடத்துல மட்டும் அந்த 'ஊ'வ விடணும்னு பாட்டா சொல்லுதாரு. விடுவியா?"

"விடுவேன்."

"முந்தியே வந்து சூடாக்கிரணும். வேற எந்தக் குமிழையும் தொடப்பிடாது."

"சரி. சம்பளம்?"

தலைவர் பாட்டாவைப் பார்த்தார். பாட்டா என்னைப் பார்த்தார்.

"ஒத்தச் சத்தத்துக்கு என்ன சம்பளம்? படப்புச் சோறு உண்டு."