புரோக்கர் பிடிக்கப் போற பேராண்டிக்கு

முடிச்சூர் பக்கம் வீடு வாங்கப் போறியாமே பேராண்டி? ஒங்கப்பத்தா ஊரெல்லாம் தண்டோராப் போட்டுட்டா. புரோக்கர் எப்படின்னு கேட்டா, "தங்கமான மனுசன் தாத்தா, கார்ல கூட்டிட்டுப் போயி எளநி வாங்கிக் குடுத்தாரு"ங்குற. எளநி குடுத்தவனெல்லாம் தங்கம்னா, நம்மூர்ல எலெக்‌ஷனுக்கு நின்னவன் பூராப் பேரும் தங்கந்தான்.

மாட்டுச் சந்தையில தரகன் துண்டுக்குள்ள கைய விட்டு, வெரலப் பிடிச்சு வெல பேசுவான். விக்கிறவன் சொன்னது வாங்குறவனுக்குத் தெரியாது. ஒன் ஆளு துண்டே போடாம அந்த வேலையப் பாக்குறாரோ என்னமோ. வீட்டுக்காரர் 55 லட்சம்னு சொல்லியிருப்பாரு, ஒங்கிட்ட வாரப்ப அது 60 ஆயிருக்கும். மேல வச்சு விக்கிறதுன்னு அதுக்குப் பேரு. வீட்டுக்காரரோட நேர்ல ஒக்காந்து பேசணும்னு கேட்டுப் பாரு. "அவரு வெளியூர்ல சார், எல்லாம் நாந்தான்"னா ஒரு கும்புடு போட்டுட்டு வந்துரு.

கமிஷன் கணக்கையும் கேளு. ஒங்கிட்ட ஒரு பெர்சன்ட், அவருகிட்ட ஒரு பெர்சன்ட்னு வச்சுக்க. 60 லட்சத்துக்கு ரெண்டு கையிலயும் சேத்து 1,20,000. ஒனக்காகப் பேசி வெலையில ரெண்டு லட்சம் கொறச்சுக் குடுத்தாருன்னா, ஒனக்கு ரெண்டு லட்சம் மிச்சம், அவருக்கு நாலாயிரம் நட்டம். தன் கையிலருந்து நாலாயிரம் போட்டு ஒனக்கு ஒழைக்க அவரு என்ன ஒன் தாய்மாமனா? அதனால பெர்சன்டே வேணாம், மொத்தமா இம்புட்டுன்னு ஆரம்பத்துலயே பேசிப்புடு. ரெண்டு பக்கமும் வாங்குறாரான்னு மொகத்துக்கு நேரா கேளு. ஆமான்னு ஒத்துக்குற ஆள வேணா கொஞ்சம் நம்பலாம்.

புதுசா கட்டுற அப்பார்ட்மெண்டுன்னா ரெரா நம்பரக் கேளு. 2016-ல போட்ட ரியல் எஸ்டேட் சட்டம். ரெராவுல பதிஞ்ச கட்டடத்த வித்துக் குடுக்குற ஏஜெண்டும் பதிஞ்சிருக்கணும், இல்லாட்டி நாளொண்ணுக்குப் பத்தாயிரம் அபராதம். நம்பரச் சொன்னதும் தலையாட்டாத. தமிழ்நாடு ரெரா வெப்சைட்ல அந்தப் பேரு இருக்கான்னு நீயே தட்டிப் பாரு. கை மாறுற பழைய வீட்டுக்கு அந்தக் கட்டாயமும் கெடையாது, அங்க ஒன் மூளதான் ரெரா. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு.

முடிச்சூர்ங்குறதால இன்னொண்ணு. 2015 டிசம்பர் மழையில தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு கேளு. நல்ல புரோக்கர் செவுத்துல கைய வச்சு, "இந்த மட்டம் சார், கீழ்வீடு வேணாம்"பாரு. "நம்ம ஏரியாவுல தண்ணியே வராது சார்"னு ஒருத்தர் சொன்னா, கொழாயத் தொறந்து பாரு. அதுலயும் வராது.

வில்லங்கமெல்லாம் போட்டுப் பாத்தாச்சும்பாரு. யாரு பாத்தா? பதிவுத்துறை வெப்சைட்ல காசில்லாமப் பாக்கலாம், முப்பது வருசத்துக்கு நீயே போட்டுப் பாரு. தாய்ப்பத்திரத்த ஒரு வக்கீல் படிக்கணும். அந்த வக்கீலயும் புரோக்கரே கூட்டியாந்தா, ஃபீஸ் ஒன்னோடது, விசுவாசம் அவரோடது.

அப்புறம் அந்த அமெரிக்கா பார்ட்டி. "இன்னிக்கே டோக்கன் போடுங்க சார், அமெரிக்கா பார்ட்டி ஒண்ணு ரெடியா இருக்கு"ம்பாரு. சென்னையில எந்த வீடு வெலைக்கு வந்தாலும் அந்தப் பயலும் ரெடியாத்தான் இருக்கான், பாவம், ஒண்ணும் அமையல. அவன் வாங்கிட்டுப் போறான்னு விட்டுரு. அப்படியே அட்வான்ஸ் குடுத்தாலும் செக்காக் குடு. 20,000-மோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டமே சொல்லுது. ரொக்கந்தான் வேணும்னு அடம் பிடிச்சா காரணம் ஒனக்கே புரியும்.

நாலு வீடு காட்டுறதுல ஒரு வீட்டையாவது, "இது வேணாம் சார், பங்காளி கேஸ் கெடக்கு"ன்னு வாயத் தொறந்து சொல்றவரப் பிடி. அவருக்குப் பேசுன கமிஷன்ல ஒரு ரூபா கொறைக்காத. ஆனா அதப் பத்திரம் பதிஞ்ச அன்னிக்குக் குடு. அதுவரைக்கும் டீயும் வடையும் வாங்கிக் குடு, போதும்.